என்பீல்டு துப்பாக்கி: அன்று சிப்பாயின் தோளில்! இன்று வாலிபரின் விரல் நுனியில்!

சென்னையில் இருந்து பெங்களூரு போகும் சாலையில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் அவதரித்த ஊர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் திரும்பினால் வல்லம் வடகால் வரும். அதைத் தாண்டினால் ஒரகடம்.

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பூமி அது. இன்று கார், லாரி, டயர், செல்போன் என்று எதைக் கேட்டாலும் அந்த வட்டாரத்தில் செய்கிறார்கள்.

அங்கே தயாராகும் இரண்டு பொருள்களுக்கும் ஒரு பழைய துப்பாக்கிக்கும் உறவு உண்டு. ஒன்று, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள். மற்றொன்று, சுங்குவார்சத்திரத்தில் தயாராகும் செல்போன்.

மோட்டார் சைக்கிளின் நெற்றியில் அந்தத் துப்பாக்கியின் பெயர் இருக்கிறது. செல்போனில் ஆடும் ஆட்டத்தில் அந்தத் துப்பாக்கியின் பழைய பகையாளி இருக்கிறது!

அது என்ன துப்பாக்கி? அதை வீடியோ கேமில் காட்டுகிறார்களே, உள்ளபடி காட்டுகிறார்களா?

பெயர் வந்த கதை

லண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்று ஓர் ஊர். பிரிட்டிஷ் அரசு அங்கே ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை வைத்திருந்தது. நெப்போலியன் யுத்தம் முடிந்த சமயத்தில் தொடங்கிய தொழிற்சாலை அது. அங்கே பிறந்த துப்பாக்கிகளுக்கு ஊர்ப் பெயரே பெயராயிற்று.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று இன்னோர் ஊர். அங்கே சைக்கிள் செய்துவந்த ஒரு கம்பெனிக்கு 1890-களில் ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. என்பீல்டு தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம். அரசாங்கத்துக்கே பொருள் கொடுக்கிறோம் என்ற பெருமையில், கம்பெனி தன் சைக்கிளுக்கு "என்பீல்டு" என்று பெயர் வைத்தது. பிறகு "ராயல்" சேர்ந்தது. பீரங்கிப் படத்தை முத்திரையாக வைத்துக்கொண்டார்கள். "துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது" என்பது விளம்பர வாசகம்.

1901-ல் அந்தக் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தது. 1930-களில் ஒரு வண்டிக்கு "புல்லட்" என்றே பெயர் வைத்தது. துப்பாக்கி இருந்தால் தோட்டா வேண்டாமா?

1955-ல் அந்த இங்கிலீஷ் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன.

துப்பாக்கி செய்த என்பீல்டு தொழிற்சாலை 1988-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். ஊரில் தொழில் போய்விட்டது. பெயர் மட்டும் கடல் கடந்து, தமிழ்நாட்டுச் சாலைகளில் தடதடவென்று ஓடுகிறது.

பல்லால் கடித்த தோட்டா

என்பீல்டு என்ற சொல்லை இந்தியா முதலில் கேட்டது மோட்டார் சைக்கிளால் அல்ல. ஒரு பெரும் கலகத்தால்!

1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி அப்போது புதுமையானது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். 100 கஜம் தாண்டினால் குறியை நம்ப முடியாது. என்பீல்டு குழலின் உள்ளே சுருள் சுருளாகக் காடி வெட்டியிருந்தார்கள். குண்டு அந்தக் காடியில் சுழன்று வெளியே வரும். பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்கிறது அல்லவா? அதுபோல, சுழலும் குண்டும் வழி மாறாமல் போகும். பல நூறு கஜம் போய்த் தாக்கும்.

அந்தத் துப்பாக்கியில் வாய்வழியாக மருந்து கெட்டிக்க வேண்டும். மருந்தும் குண்டும் ஒரு காகிதச் சுருளில் இருக்கும். சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் குழலுக்குள் இடிக்க வேண்டும். காடி வெட்டிய குழலில் குண்டு வழுக்கி இறங்குவதற்காகக் காகிதத்தில் கொழுப்புத் தடவுவார்கள்.

என்ன கொழுப்பு? பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று 1857-ன் தொடக்கத்தில் சிப்பாய்களிடையே செய்தி பரவியது. இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது.

மார்ச் 29-ந்தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியை எடுத்தார். ஏப்ரல் 8-ந்தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள், மே 10-ந்தேதி, மீரட் பற்றி எரிந்தது.

வேலூர்க் கோட்டையில் 1806-ல் தலைப்பாகையால் மூண்டது. மீரட்டில் 1857-ல் தோட்டாவால் மூண்டது. பல நாளாக நெஞ்சில் இருந்த மருந்துக்கு அவை வைத்த பொறிகள்.

வெளியே அதே! உள்ளே வேறு!

கலகம் அடங்கிய பிறகு வெள்ளைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள்.

இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்தார்கள். பார்வைக்கு என்பீல்டு மாதிரியே இருக்கும். அதே நீளக் குழல், அதே மரக்கட்டை, அதே பித்தளைப் பூண். ஆனால், குழலுக்குள் காடி இல்லை! வழுவழுப்பான குழல். குண்டு சுழலாது. தூரம் போகாது.

இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி, வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு படி தாழ்வாகவே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. 1914-ல் முதல் உலக யுத்தத்துக்காக இந்தியப் படைகள் பிரான்சில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. அங்கே போன பிறகுதான், பழைய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு புது மாதிரியைக் கையில் கொடுத்தார்கள்.

வெளித் தோற்றம் அச்சு அசல். உள்ளே இருக்க வேண்டியது இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், வீடியோ கேம் துப்பாக்கியைப் புரிந்துகொள்வது சுலபம்.

த்ரீ நாட் த்ரீ

மார்சேல்சில் கொடுத்த அந்தப் புது மாதிரி லீ என்பீல்டு வகையைச் சேர்ந்தது. நம் நாட்டில் அதற்கு வழங்கும் பெயர் "த்ரீ நாட் த்ரீ".

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த போல்ட் முறை; என்பீல்டு தொழிற்சாலையின் குழல்; இரண்டும் சேர்ந்து 1895-ல் லீ என்பீல்டு ஆயிற்று. 1907-ல் வந்த மார்க் 3 மாதிரிதான் முதல் யுத்தத்தில் பெயர் எடுத்தது. குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு. அதுதான் .303.

எடை சுமார் 4 கிலோ. மேகசினில் 10 தோட்டா. ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் அடுக்கி, இரண்டு கிளிப் இறக்க வேண்டும். ஒருமுறை சுட்டதும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். காலித் தோட்டா வெளியே குதிக்கும். புதுத் தோட்டா உள்ளே போகும். நல்ல பயிற்சி உள்ள சிப்பாய் ஒரு நிமிஷத்தில் 15 முறை குறிபார்த்துச் சுடுவான்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இது தயாராயிற்று. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 70 லட்சம் லீ என்பீல்டுகள் செய்யப்பட்டன என்பது மதிப்பீடு. நம் ஊர்களில் போலீஸ்காரர் தோளிலும், என்.சி.சி. மாணவர் தோளிலும் அது தொங்கியதைப் பார்த்தவர்கள் ஏராளம்.

திரையில் வந்த துப்பாக்கி

2003-ல் வெளிவந்த "கால் ஆப் டூட்டி" ஆட்டத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் லீ என்பீல்டு வந்தது. 2005-ல் அதன் இரண்டாம் பாகத்திலும் வந்தது. 2016-ல் "பேட்டில்பீல்டு 1" என்ற ஆட்டத்தில் முதல் உலக யுத்தத்து மார்க் 3 வந்தது.

ஆட்டத்தைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மரத்தின் நிறம், போல்ட்டின் வளைவு, குழலின் நுனியில் உள்ள மொட்டை மூக்கு, எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். "பேட்டில்பீல்டு 1"-ல் மேகசின் பாதி காலியானால் ஒரு கிளிப் இறங்குகிறது. ஒன்றிரண்டு குறைந்தால் கை தனித்தனித் தோட்டாவாக இடுகிறது. சிப்பாய்க்குப் பாடம் எடுக்கலாம் போல இருக்கிறது!

ஆனால், தூரத்தில் கை வைத்துவிட்டார்கள். உண்மைத் துப்பாக்கியின் குறித்தகட்டில் 2,000 கஜம் வரை அளவு போட்டிருக்கும். அதாவது 1,800 மீட்டருக்கும் மேல். ஆட்டத்திலோ, ஒரே குண்டில் எதிரியை வீழ்த்தும் தூரம் என்று 100 மீட்டருக்குள் ஒரு வரம்பு வைத்தார்கள். அதற்குக் கிட்டேயும் எட்டேயும் மார்பில் பட்டால் எதிரி ஒரே குண்டில் விழமாட்டான். வேறொரு துப்பாக்கிக்கு வேறொரு தூரம். எல்லாத் துப்பாக்கிக்கும் ஓர் அனுகூலம் இருந்தால்தானே ஆட்டம் சரிசமமாக இருக்கும்? உண்மை யுத்தத்தில் சரிசமம் பார்க்க யாரும் இல்லை.

செல்போனில் இருக்கும் பழைய பகையாளி எது? ஜெர்மானியரின் மவுசர் துப்பாக்கி. "கார் 98" என்று ஆட்டக்காரர்கள் செல்லமாகக் கூப்பிடுவது. இரண்டு உலக யுத்தங்களிலும் என்பீல்டும் மவுசரும்தான் எதிர் எதிரே நின்றவை. "பப்ஜி" ஆட்டத்தில் அது பிரபலம். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி செல்போன் ஆட்டத்தைத் தடை செய்தது. 2021-ல் அது இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. உண்மை மவுசரின் தோட்டா 7.92 மில்லிமீட்டர். ஆட்டத்தில் அதற்குப் போடுவது 7.62! தோட்டா வகைகளைக் குறைத்தால் ஆடுவதற்குச் சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

விடுபட்டவை என்ன?

தூரமும் தோட்டா அளவும் சின்ன விஷயம். விடுபட்ட மற்றவைதான் பெரியவை.

முதலாவது, பாரம். 4 கிலோ துப்பாக்கி, அதன் முனையில் மாட்ட 17 அங்குலக் கத்தி, தோளைச் சுற்றித் துணிப்பட்டையில் 50 தோட்டா. இவற்றோடு மழையில், சேற்றில், மணிக்கணக்காக நடக்க வேண்டும். திரையில் வரும் சிப்பாய்க்குத் தோள் வலிப்பதில்லை.

இரண்டாவது, பராமரிப்பு. லீ என்பீல்டின் அடிக்கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு பொந்து உண்டு. அதற்குள் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும், ஒரு கயிறும் இருக்கும். கயிற்றில் துணியை மாட்டிக் குழலுக்குள் இழுத்துத் துடைக்க வேண்டும். சுட்ட பிறகு கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் குழல் துருவேறிப் போகும். இந்தப் பொந்தைத் திறக்கும் வேலை ஆட்டத்தில் யாருக்கும் வருவதில்லை.

மூன்றாவது, சிக்கல். .303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பின்னால் மாட்டிக்கொண்டால் போல்ட் நகராது. எதிரி ஓடிவரும் நேரத்தில் அது நேர்ந்தால்? திரைத் தோட்டா ஒருபோதும் மாட்டிக்கொள்வதில்லை.

நான்காவது, காயம். "கால் ஆப் டூட்டி" இரண்டாம் பாகத்தில் குண்டு பட்டால் திரை சிவக்கும். சுவர் ஓரமாகச் சற்று ஒதுங்கி நின்றால் போதும், காயம் தானே ஆறிவிடும்! முதல் உலக யுத்தத்துக்கு இந்தியாவில் இருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. ஒதுங்கி நின்றதால் அவர்கள் காயம் ஆறவில்லை.

ஐந்தாவது, ஆள். அந்த இரண்டாம் பாகத்தில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆடுபவருக்குக் கிடைப்பது ஓர் ஆங்கிலச் சிப்பாயின் வேடம். அதே பாலைவனத்தில் 4-வது இந்திய டிவிஷன் போரிட்டது. அதில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். மண்ணில் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுத்து, மற்றவர்களுக்கு வழி செய்து கொடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. தமிழ் பேசிய அந்தக் கைகளை ஆட்டம் காட்டவில்லை.

பத்து நிமிஷம், 1,650 தோட்டா

வீடியோ கேமில் துப்பாக்கிக்கு எதிரே நிற்பவனிடமும் ஒரு துப்பாக்கி இருக்கும். அதனால்தான் அது ஆட்டம்.

1919 ஏப்ரல் 13-ந்தேதி அமிர்தசரசில் அப்படி இருக்கவில்லை. ஜாலியன் வாலாபாக் மைதானத்தில் கூடியிருந்தவர்களிடம் ஆயுதம் இல்லை. ஜெனரல் டயர் ஆணையிட்டான். 50 சிப்பாய்கள் .303 துப்பாக்கியால் சுட்டார்கள். சுட்டவர்களும் இந்தியப் படையைச் சேர்ந்தவர்களே. சுமார் 10 நிமிஷம். செலவான தோட்டா 1,650. இறந்தவர்கள் 379 என்று அரசாங்கக் கணக்கு சொல்லிற்று. மக்கள் கணக்கு அதைவிட மிக அதிகம்.

ஓர் ஆளுக்கு 33 தோட்டா. மேகசினில் கொள்வதோ 10. அப்படியானால், ஒவ்வொருவனும் மூன்று முறையாவது சுடுவதை நிறுத்தி, கிளிப்பை எடுத்து, மேகசினை நிரப்பி, மறுபடி குறி பார்த்திருக்க வேண்டும். மூன்று முறை யோசிக்க நேரம் கிடைத்தது. மறுபடியும் மறுபடியும் விசையை இழுத்தார்கள்.

கிளிப் இறங்கும் அந்த "கிளிக்" ஓசையை ஆட்டம் துல்லியமாகத் தருகிறது. அந்த ஓசை அமிர்தசரசில் எதற்கு நடுவே கேட்டது என்பதை எந்த ஆட்டமும் தர முடியாது.

பனியில் பிடித்த கை

அதே துப்பாக்கிக்கு இன்னொரு முகமும் உண்டு.

1962 நவம்பர் 18-ந்தேதி. லடாக்கில் ரெசாங் லா கணவாய். மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-வது குமாவுன் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 120 வீரர்கள். அவர்கள் கையில் இருந்தது பழைய .303. ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். எதிரே வந்த சீனப் படையிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன.

வீரர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. 114 பேர் உயிர் கொடுத்தார்கள். மறு ஆண்டு பனியில் உடல்களைக் கண்டெடுத்தபோது, பலர் கையில் ஆயுதம் பிடித்தபடியே இருந்தது. மேஜருக்குப் பரம் வீர் சக்கரம் அளிக்கப்பட்டது.

2008 நவம்பர் 26-ந்தேதி மும்பை ரயில் நிலையத்திலும் இதே கதைதான். பயங்கரவாதிகளிடம் ஏ.கே. ரகத் துப்பாக்கி. போலீசாரிடம் .303. யுத்தத்தில் நல்ல பெயர் எடுத்த துப்பாக்கியும் காலம் கடந்தால் தூக்கியவனுக்கே பாரம் ஆகிவிடும்.

உத்தரப்பிரதேசப் போலீசார் 1945 முதல் சுமந்த .303-க்கு, 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்பில் விடை கொடுத்தார்கள். கடைசி முறையாகத் தோளில் ஏற்றி நடந்தார்கள்.

ஆடுங்கள், ஆனால்...

ஆட்டம் ஆடுபவர்களை வைது பயன் இல்லை. எத்தனையோ வாலிபர்கள் லீ என்பீல்டு என்ற பெயரையே அந்த ஆட்டத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். எத்தனை தோட்டா கொள்ளும், எப்படி இடுவது என்று பாட்டனாருக்குத் தெரியாததையும் பேரன் சொல்கிறான். அந்த அளவுக்கு ஆட்டம் நல்ல ஆசிரியர்.

ஆனால், 1857-க்குப் பின் சிப்பாயிடம் கொடுத்த துப்பாக்கியைப் போல, இதிலும் குழலுக்குள் காடி இல்லை. தோற்றம் இருக்கிறது, ஓசை இருக்கிறது, பாரமும் வலியும் பொறுப்பும் இல்லை. சிப்பாய்க்கு அந்தக் குறையோடுதான் கொடுத்தார்கள். ஆட்டக்காரர் அதைத் தெரிந்தே வாங்கலாம். விடுபட்டதைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம்.

அதற்குச் சுலபமான வழி உண்டு. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளும் வாள்களும் பீரங்கிகளும் வரிசையாக இருக்கின்றன. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆட்டத்தில் ஒரு கிளிப் தோட்டா இறங்கும்போது, "இது எங்கெங்கே இறங்கிய தோட்டா தெரியுமா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டால் போதும். மீரட்டும் அமிர்தசரசும் ரெசாங் லாவும் அந்தத் திரைக்குள் வந்துவிடும்.